ஏ-க்குக் கூடப்பிறந்தது உண்டா?

ரூம் பார்க்கப் போனால் புரோக்கர்கள் நாங்கள் முதலில் மேலே பார்ப்போம். தகரம் ஒழுகுதா, ஏணி ஆடுதா என்று. அக்கா சுவரைப் பார்க்கும்.

சுவரில் படம் மாட்டியிருப்பார்கள். கல்யாணப் படம், வேளாங்கண்ணியில் எடுத்தது, ஊர்க் கொடைக்குப் போனபோது ஸ்டுடியோவில் நின்றது. அக்கா கிட்டப் போய், கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு முகத்திலும் விரல் வைக்கும்.

"இது நீ. இது உங்க அண்ணன். நடுவுல ரெட்டைச் சடை, இது யாரு?"

"தங்கச்சி."

"அவ எங்க?"

அதோடு பாதி வியாபாரம் நின்றுவிடும்.

அக்காவுக்குப் பேர் உண்டு. எழுதவில்லை. எங்கள் பக்கம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நான் அக்கா என்பேன். அது என்னை அண்ணாச்சி என்று கூப்பிடும். யாருக்கு வயசு கூட என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. தாராவியில் நான் முதலில் வெல்டிங் பட்டறையில் இருந்தேன். கண் கெட்டது. அப்புறம் ரூம் காட்ட வந்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது இல்லை. இருந்த வாடகை ரூமைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. திருநெல்வேலிக்கு என்கிறார்கள். பன்வேல் பக்கம் யாரோ கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றும் சொல்கிறார்கள். போன் நம்பர் மாறிவிட்டது.

அந்த ரெட்டைச் சடை கோவண்டியில் இருந்தாள். அண்ணன்மார் இரண்டு பேர், தாராவி ரூமை விற்றுவிட்டுக் கல்யாண் பக்கம் போகப் பார்த்தார்கள். அவளுக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தாச்சு, அவளை எதுக்கு இழுக்கிறீங்க என்றார்கள். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னது.

"அண்ணாச்சி, கோவண்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்."

"கெடுத்துராத அக்கா. பார்ட்டி டோக்கன் அட்வான்ஸ் குடுக்க ரெடியா நிக்கான்."

"கேக்கத்தான போறோம். கேட்டா என்ன, வாய் வெந்துருமா?"

போனோம். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து பிளவுசுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா விசயத்தைச் சொன்னது. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"விக்காங்களா? எனக்குத் தெரியாதே."

அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம், கையெழுத்துப் போட்டுத் தாரேன், குடுக்கதுக்கு முன்னால ஒரு தடவ வந்து பாத்துக்கிடலாமா என்று கேட்டாள். வந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரூமில் பார்க்க என்ன இருக்கிறது? மூலையில் குளிக்கிற மோரி, ஏணி, மாடம். மோரி கல்லைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். அண்ணன்மார் அவளைப் பார்க்காமல் வெளியே நின்றார்கள். கையெழுத்துப் போட்டாள். போகும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் ஒரு ஆளா கேக்க வந்தீங்களே" என்றாள்.

அன்று அக்காவுக்குச் சந்தோசம். மாட்டுங்கா ஸ்டேசனில் இறங்கி, பாலத்துக்கு அடியில் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டது. எனக்குக் காப்பி வாங்கித் தந்தது.

எல்லாம் அப்படி முடியவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஹக்சோட் என்பார்கள். அப்பன் வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது. மராட்டிக்காரர்கள் வழக்கம், நம் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி ஒரு சேலை எடுத்துத் தருவான். கையெழுத்துப் போட்டுவிட்டு, சேலைக் கவரை அக்குளில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவார்கள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், போக வர ஒரு வீடு வேணும்லா என்பார்கள்.

செம்பூரில் ஒரு பெண் அப்படி எழுதிக் கொடுக்க இருந்தாள். கேட்காமல் கொடுத்திருப்பாள். அக்கா போய், உனக்கு இதில் பங்கு உண்டு, தெரிஞ்சு போடு என்று சொல்லிவிட்டது. அதை அவள் புருசன் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து பங்கு பங்கு என்று அவளைப் போட்டு அடி. அண்ணன் வீட்டில் சண்டை. விற்பனை நின்றது. இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

ஒரு நாள் அவள் தாராவிக்கு வந்தாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தது. நான் வாசலில் இருந்தேன். அவள் உள்ளே வரவில்லை.

"நீ கேக்காம இருந்திருந்தா எனக்கு அண்ணன் இருந்திருப்பான்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். அக்கா களைந்த அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்தது. தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தது.

"அவ சொன்னது சரிதான் அண்ணாச்சி" என்றது.

அதோடு நிறுத்தும் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடுத்த ரூமுக்குப் போனோம். சுவரைப் பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் புரோக்கரும் பரீட்சை எழுதணும் என்று அரசாங்கம் சொன்னது. பாஸ் பண்ணினால்தான் பில்டர் பிளாட்டை விற்கலாம். தாராவி ரூமுக்கு எவன் கேட்கப் போகிறான். ஆனால் தாராவியே இடிபடப்போகிறது, இனி எல்லாம் பிளாட்டுதான் என்று பேச்சு. நானும் அக்காவும் சேர்ந்தோம். செம்பூரில் ஒரு பர்சான் கடைக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை கிளாஸ். வகுப்பு முழுக்க எண்ணெய்ப் பலகார வாசம். மற்றவர்கள் எல்லாம் இளவட்டம், முடியில் ஜெல் போட்டவர்கள். நாங்கள் கடைசி பெஞ்சு.

சொல்லிக்கொடுத்தவர் மராட்டிக்காரர், சின்ன வயசு வக்கீல். நல்ல மனுசன். டைட்டில் வேறு, பத்திரம் வேறு என்று முதல் நாளே சொன்னார். டைட்டில் என்றால் உரிமை, அது கண்ணுக்குத் தெரியாது. பத்திரம் என்பது அந்த உரிமை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போனதைச் சொல்லுகிற காகிதம். கையில் உரிமையே இல்லாதவன் எவ்வளவு நல்ல காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கினவனுக்கு ஒன்றும் வராது. எனக்கு அது மட்டும் பிடித்தது. மற்றதை மனப்பாடம் செய்தேன்.

அக்காவுக்கு மனப்பாடம் வரவில்லை. கேள்வி இப்படி வரும். ஏ தன் பிளாட்டை பி-க்கு விற்கிறான். பத்திரம் பதிவாகிவிட்டது. இப்போது உரிமை யாருக்கு? நாலு பதில் இருக்கும். ஒன்றைத் தொடணும். அக்கா கையைத் தூக்கும். பம்பாய் ஹிந்தியில் கேட்கும்.

"சார், ஏ-க்குக் கூடப்பிறந்தது உண்டா?"

வகுப்பே சிரிக்கும். வக்கீலும் சிரிப்பார். அவர் அக்காவை மாவ்ஷி என்பார், நம் சித்தி மாதிரி.

"மாவ்ஷி, அது கேள்வியில இல்லையே."

"இல்ல சார், இது ஏ வாங்கின வீடா, ஏ-யோட அப்பா வாங்கின வீடா?"

"அப்பா வீடுன்னா நீங்க கேக்கிறது சரி. ஆனா கம்ப்யூட்டர் அதுக்கு மார்க் போடாது."

அதிலிருந்து பையன்கள் பேர் வைத்துவிட்டார்கள். அக்கா படியேறி வரும்போதே "ஏ கி பெஹன் ஆ கயி" என்று கத்துவார்கள். ஏ-யோட அக்கா வந்தாச்சு. அக்காவும் விடாது. "ஏண்டா, உனக்கு அக்கா உண்டா? இருந்தா இப்பவே போன் போட்டு வேண்டிக்கோ. நாளைக்கு அவ கையெழுத்துக்குத்தான் நாயா அலைவ" என்று தமிழில் சொல்லும். அவன்களுக்குப் புரியாது. நான் மட்டும் சிரிப்பேன்.

நான் முதல் தடவையே பாஸ். அக்கா பெயில். பாதிக் கேள்வியைத் தொடாமலே வந்துவிட்டது. வெளியே வந்து, "கூடப்பிறந்தது உண்டா இல்லையான்னு சொல்லாம எப்படி அண்ணாச்சி பதில் போட" என்றது. அடுத்த தடவைக்கு நான் ஒரு வழி சொன்னேன். "ஏ-ன்னு வந்தா அவன் அநாதைன்னு நெனச்சுக்கோ அக்கா. அவனுக்கு யாரும் கிடையாது." அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தது. அந்தத் தடவை பாஸ் ஆனது.

ஒரு ஞாயிறு ஒப்பந்தம் பற்றிப் பாடம். சம்மதம் சொந்த இஷ்டத்தில் இருக்கணும் என்றார் வக்கீல். மிரட்டி வாங்கினால், ஏமாற்றி வாங்கினால், அது சம்மதம் இல்லை. அதனால்தான் ரிஜிஸ்டர் ஆபீசில் சொந்த இஷ்டத்தில் போடுகிறாயா என்று கேட்கிறார்கள்.

அக்கா கை தூக்கியது.

"பாசத்தைக் காட்டி வாங்கினா, சார்?"

வக்கீல் கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கு செக்சன் இல்ல மாவ்ஷி."

பையன்கள் சிரித்தார்கள். அன்று அக்கா திருப்பி எதுவும் சொல்லவில்லை. எனக்கு அப்போது காரணம் தெரியாது. அந்த வாரம்தான் அதன் தம்பி போன் செய்திருக்கிறான்.

அக்காவின் அப்பா முலுண்டில் ஒரு ரூம் கிச்சன் பிளாட் வாங்கியிருந்தார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் பங்கு. அக்காவுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, திரும்பி வந்து அங்கேதான் இருந்தது. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும், இருக்கிற ஒரு ரூமில் நான் எதுக்கு என்று பெட்டியை எடுத்துக்கொண்டு தாராவிக்கு வந்துவிட்டது. யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து முலுண்டுக்குப் போய் அம்மா தலையைப் பின்னிவிட்டு வரும். கிளாஸ் இருந்தால் கிளாஸ் முடிந்து போகும்.

அந்தக் கட்டடம் இடித்துக் கட்டப்போகிறார்கள். பில்டர் ஒரே பேரில் பத்திரம் கேட்கிறான். அதனால் தம்பி ஹக்சோட் எழுதிக்கொண்டு பெண்டாட்டியோடு தாராவிக்கு வந்தான். சேலைக் கவர், ஸ்வீட் டப்பா. ஆபீஸ் வேலை பார்க்கிறவன், மரியாதையாகப் பேசுவான். ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போக நான் அங்கே இருந்தேன். எழுந்தேன். அக்கா உட்காரச் சொன்னது.

"ஒரு சைன்தான் அக்கா. எல்லாரும் போட்டுட்டாங்க, நம்ம பிளாட்தான் பெண்டிங். எனக்கு நீ என்ன, உனக்கு நான் என்ன."

"அம்மா?"

"அம்மா கைநாட்டு வச்சாச்சு."

"படிச்சுக் காட்டுனியா?"

"படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களுக்கு என்ன படிச்சுக் காட்ட?"

"அப்போ நான் கேக்குதேன். ஞாயித்துக்கிழமை வாரேன். அம்மா ஒரு வார்த்தை, சரி மக்களே போட்டுக் குடுன்னு சொல்லட்டும். அங்கனயே போட்டுத் தாரேன். பங்கெல்லாம் எனக்கு வேண்டாம்."

தம்பி பெண்டாட்டி அதுவரை பேசவில்லை. "அவங்களைப் போட்டுக் குழப்பவா? ஊர் வீட்டுல எல்லாம் போய்க் கேட்டுக் கேட்டுக் குடும்பத்தப் பிரிச்சீங்க. இங்கயும் வேணுமா?"

"ஏட்டி, நான் என் அம்மாகிட்டக் கேக்கக் கூடாதா?"

தம்பி எழுந்துகொண்டான். சத்தம் போடவில்லை. "போட்டுட்டு வா அக்கா. அப்புறம் எப்ப வேணா வா."

சேலையை வைத்துவிட்டுப் போனான். அக்கா ஓடிப்போய், தெரு முனையில் அவன் கையில் திணித்துவிட்டு வந்தது.

ஞாயிறு முலுண்டுக்குப் போனது. வாட்ச்மேன், மேலே விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். ரொம்ப நாளாகத் தெரிந்தவன், தரையைப் பார்த்துச் சொன்னானாம். அடுத்த ஞாயிறும் போனது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும். துணி காய்வது தெரியும். அம்மா நைட்டி காய்ந்தால் அக்காவுக்கு ஒரு நிம்மதி. இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் சொன்னேன். "போட்டுக் குடுத்துரு அக்கா. உனக்குப் பங்கு வேண்டாம்னா அப்புறம் என்ன? போட்டுட்டு அம்மாவப் போய்ப் பாரு."

"கையெழுத்துப் போட்டாத்தான் அம்மாவப் பாக்கலாம்னா அதுக்குப் பேரு ஹக்சோட் இல்ல அண்ணாச்சி. கேட் பாஸ்."

"கேட் பாஸாவே இருக்கட்டும்."

"அங்க ஆபீசர் கேப்பாரு. சொந்த இஷ்டத்துல போடுதியான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"ஆமான்னு சொல்லு. எல்லாரும் சொல்லுதாங்க."

"எல்லார்ட்டயும் போயி, தெரிஞ்சு போடு, இஷ்டப்பட்டுப் போடுன்னு சொன்னவ நான். ஒருத்தி அதுல அண்ணனையே இழந்துட்டா. இப்ப நான் மட்டும் பொய் சொல்லிட்டுப் போடவா?"



ஒரு தடவை முலுண்டில் அம்மாவின் பக்கத்து வீட்டு குஜராத்திப் பெண் இரக்கப்பட்டு, மருமகள் கடைக்குப் போன நேரம் தன் மொபைலை அம்மா காதில் வைத்திருக்கிறாள். அக்கா ரூமில் இருந்தது. நானும் இருந்தேன். அம்மா, அம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்டது. அப்புறம் சாப்பிட்டேன் என்றது. மீன் என்றது. ஆமா, நெத்திலி என்றது. கட்டாகிவிட்டது.

"பத்திரத்தப் பத்திக் கேக்கலியா?"

"சாப்பிட்டியான்னு கேக்கா அண்ணாச்சி. அதுக்கு நடுவுல என்னத்தப் பத்திரம் பேச."

அன்று ரூமில் மீன் இல்லை. ரசம்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம் தம்பி போன் செய்தான். அம்மா போய்விட்டார்கள். நானும் கூடப் போனேன். வாட்ச்மேன் கேட்டை முழுக்கத் திறந்து வைத்திருந்தான். யார் வேண்டுமானாலும் மேலே போகலாம். அக்கா மூச்சு வாங்க மாடி ஏறியது. அம்மாவை நடுவில் வைத்திருந்தார்கள். தலையை யாரோ சரியாகச் சீவாமல் விட்டிருந்தார்கள். அக்கா உட்கார்ந்து, சிக்கு எடுத்து, மெதுவாகப் பின்னியது. பின்னி முடிக்கிறவரை சர்ச் ஐயர் ஜெபம் சொல்லாமல் நின்றார். அன்று அக்கா யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா எப்போது போனாள் என்றுகூடக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அக்காவே தம்பிக்குப் போன் போட்டது. பத்திரத்த எடுத்துக்கிட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா என்றது. அம்மா இல்லாததால் மாற்றி எழுதியிருந்தார்கள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டது. ஆபீஸ் வராந்தாவில் டோக்கன் நம்பருக்குக் காத்திருந்தோம். தம்பி தள்ளி நின்றான்.

"அக்கா, இதை அப்பவே செஞ்சிருக்கலாமே" என்றேன். கேட்டிருக்க வேண்டாம். வாய் நிற்கவில்லை.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"அப்போ போட்டிருந்தா ஆசைக்குப் போட்டது. அம்மாவப் பாக்கணுங்க ஆசைக்கு. இப்ப எனக்கு அங்கன ஒரு ஆசையும் இல்ல. இப்பத்தான் இஷ்டத்துல போடுதேன்."

நம்பர் வந்தது. மேசைக்குப் போனோம். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பெருவிரலை மெசினில் வைக்கச் சொன்னார்கள். வயசில் விரல் ரேகை தேய்ந்துபோனதால் முதலில் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீசர் பெண் தலை நிமிராமலே மராட்டியில் கேட்டாள், சொந்த இஷ்டத்தில் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று.

ஆமாம் என்பதற்கு "ஹோ" என்றது அக்கா. குரல் நன்றாகவே வந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தோம். வெயில் அடித்தது. தம்பி கொஞ்ச தூரம் கூடவே வந்தான். அப்புறம் அக்கா கையில் இருந்த பையை வாங்கிக்கொள்ளப் பார்த்தான்.

"வீட்டுக்கு வா அக்கா. சாப்பிட்டுட்டுப் போலாம். இனி எப்ப வேணா வரலாம்."

உண்மையாகத்தான் கூப்பிட்டான். முகத்தைப் பார்த்தேன்.

அக்கா பையைக் கொடுக்கவில்லை. அவன் சட்டைக் காலர் மடிந்திருந்தது, அதைச் சரிசெய்துவிட்டது.

"இல்ல தம்பி. ரயிலுக்கு நேரமாச்சு."

ஒன்றை விட்டால் அடுத்த ரயில் வந்துகொண்டே இருக்கிற ஊர் இது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா ஸ்டேசன் பக்கம் நடந்தது. நான் பின்னால் போனேன்.